எல்லோருக்கும் ஒரே வகுப்பறை
ஐரோப்பியப் பள்ளி வரலாறு – பகுதி 9

இத்தாலியில் 1977 ஆகஸ்ட் 4 அன்று கையெழுத்தான 517-ஆம் எண் சட்டம், அந்நாட்டுப் பொதுப்பள்ளிகளில் அதுவரை இயங்கிவந்த தனி வகுப்புகளை மூடியது. உடலிலோ அறிவிலோ புலனிலோ குறைபாடு உள்ள பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்கலாம், அவர்களுக்காகத் தனிப்பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் அந்த வகுப்புக்கே வருவார் என்று அது வகுத்தது. ஐரோப்பாவில் வேறு எந்த நாடும் அன்றைக்கு இவ்வளவு தூரம் போயிருக்கவில்லை. இந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தவர்கள் கல்வித்துறை அதிகாரிகள் மட்டுமல்லர். ஒரு மலைக்கிராமப் பாதிரியார், தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி வடக்கே வந்த ஏழைக் குடும்பங்கள், மனநல மருத்துவர்கள் எனப் பலருக்கும் இதில் பங்கு உண்டு.

தனிப்பள்ளி என்ற ஏற்பாடு நல்லெண்ணத்தில் பிறந்தது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், பாரிஸ் நகரில் ஷார்ல் மிஷேல் தெ லெப்பே என்ற பாதிரியார், காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகைகளின் வழியே பாடம் சொல்லித் தந்தார். அதே நகரில் வாலந்தேன் ஆவீ 1785 வாக்கில் பார்வையற்ற சிறுவர்களுக்குப் பள்ளி நடத்தத் தொடங்கினார். லூயி பிரெயில் ஆறு புள்ளி எழுத்துமுறையை உருவாக்கியது அந்தப் பள்ளியில் மாணவராக இருந்தபோதுதான். அதற்கு முன் இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு எழுத்து வாசனையே கிடையாது. தனிப்பள்ளிகள் அவர்களுக்குக் கல்வியின் கதவைத் திறந்தன என்பதில் ஐயமில்லை.

சிக்கல் கட்டாயக் கல்வியோடு வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வந்தே தீரவேண்டும் என்று ஆனதும், பாடத்தில் பின்தங்குகிறவர்கள் முதன்முறையாக ஆசிரியரின் கண்ணில் பட்டார்கள். அவர்களை இனங்காணும் வழியைப் பிரெஞ்சு அரசு தேடியது. ஆல்ஃபிரெட் பினே, தியோடோர் சிமோன் இருவரும் 1905-இல் தங்கள் நுண்ணறிவுத் தேர்வை வெளியிட்டார்கள். யாருக்கு உதவி தேவை என்று கண்டறிவதே பினேயின் நோக்கம்; ஒரு பிள்ளையின் அறிவு மாறாதது என்று அவர் நினைக்கவில்லை. ஆனால் அந்த அளவுகோல் பள்ளிகளின் கைக்கு வந்த பிறகு, யாரை வகுப்பிலிருந்து வெளியே அனுப்பலாம் என்று முடிவு செய்யவே அது அதிகம் பயன்பட்டது.

இத்தாலியில் மரியா மாண்டிசோரி இதற்குச் சில ஆண்டுகள் முன்பே வேறு திசையில் நடந்துகொண்டிருந்தார். 1896-இல் ரோமில் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், மனநோய் விடுதியில் பெரியவர்களோடு அடைத்து வைக்கப்பட்டிருந்த அறிவுக்குறைபாடுள்ள குழந்தைகளைக் கண்டார். 1900-இல் ஜுசெப்பே மான்டெசானோவோடு சேர்ந்து ஒரு பயிற்சிப் பள்ளியை நடத்தி, அப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் கையால் தொட்டுப் பழகும் கருவிகளைக் கொண்டு எழுதப் படிக்கக் கற்பித்தார். அவர்களில் சிலர் பொதுப்பள்ளித் தேர்வையே எழுதித் தேறினார்கள். இந்தக் குழந்தைகளாலேயே இவ்வளவு முடியுமானால் நல்ல உடல்நலமுள்ள பிள்ளைகளை எது பின்னுக்கு இழுக்கிறது என்ற கேள்விதான், 1907-இல் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் அவர் திறந்த குழந்தைகள் இல்லத்துக்கு வித்து. 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்த அவர், போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல் அடையாற்றிலும் கொடைக்கானலிலும் பல ஆண்டுகள் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். தமிழ்நாட்டில் இன்றும் ஊருக்கு ஊர் மாண்டிசோரி பள்ளிகள் உண்டு. அந்த முறை உலகெங்கும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளைச் சென்றடைந்தது. அது யாரிடமிருந்து தொடங்கியதோ அந்தக் குழந்தைகள் இத்தாலியிலேயே இன்னும் ஐம்பது, அறுபது ஆண்டுகள் தனி அறையில் இருந்தார்கள்.

முசோலினி ஆட்சியின் தொடக்கத்தில், 1923-இல், கல்வி அமைச்சர் ஜொவான்னி ஜென்டிலே கொண்டுவந்த சீர்திருத்தம் பார்வையற்ற, காது கேளாத பிள்ளைகளையும் கட்டாயக் கல்விக்குள் சேர்த்தது. ஆனால் தனி நிறுவனங்களில்தான். மற்றக் குறைபாடு உள்ளவர்களைச் சட்டம் கண்டுகொள்ளவில்லை. 1928-இல் வந்த விதிகள் இன்னும் ஒரு படி போயின. வகுப்பில் தொடர்ந்து அடங்காமல் நடக்கும் பிள்ளைக்கு மனக்கோளாறு இருக்கக்கூடும் என்று ஆசிரியர் கருதினால், அப்பிள்ளையைப் பொது வகுப்பிலிருந்து நீக்கித் தனி வகுப்புக்கு அனுப்பப் பரிந்துரைக்கலாம். குறும்பும் நோயும் ஒரே விதிக்குள் வந்துவிட்டன. பின்னால் நடந்த அநீதிகளுக்கு இந்த ஒரு விதி பெரிதும் வழிவிட்டது.

போருக்குப் பின் 1948 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த குடியரசின் அரசியலமைப்பு வேறு மொழியில் பேசியது. குடிமக்களின் சமத்துவத்துக்குக் குறுக்கே நிற்கும் பொருளாதார, சமூகத் தடைகளை அகற்றுவது அரசின் கடமை என்று அதன் 3-ஆம் பிரிவு கூறிற்று. பள்ளி எல்லோருக்கும் திறந்திருக்கும், குறைந்தது எட்டு ஆண்டுக் கல்வி கட்டாயம், இலவசம் என்றது 34-ஆம் பிரிவு. உழைக்க இயலாதவர்களுக்கும் கல்வியும் தொழிற்பயிற்சியும் உரிமை என்றது 38-ஆம் பிரிவு. ஆனால் பள்ளிகளில் பல ஆண்டுகள் எதுவும் மாறவில்லை.

ஆரம்பப் பள்ளியை முடித்த 11 வயதுப் பிள்ளைகளை, லத்தீன் படித்து மேலே போகிறவர்கள், கைத்தொழிலுக்குப் போகிறவர்கள் என்று இரண்டாகப் பிரிக்கும் வழக்கம் 1962 டிசம்பர் 31 வரை நீடித்தது. அன்று வந்த 1859-ஆம் எண் சட்டம் 14 வயது வரை எல்லோருக்கும் ஒரே நடுநிலைப்பள்ளி என்று ஆக்கிற்று. இத்தாலியக் கல்வி வரலாற்றில் இது பெரிய அடி. ஆனால் அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பள்ளியோடு ஒட்டாத பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு வைக்கவும் இடம் கொடுத்தது. எல்லோரையும் வரச் சொன்ன பள்ளி, வந்தவர்களில் பிடிக்காதவர்களை ஒதுக்கி உட்கார வைக்க ஓர் அறையையும் தயாராக வைத்திருந்தது.

அந்த அறைக்குள் போனவர்கள் யார்? அக்காலத்தில் தென்னித்தாலியின் வறண்ட கிராமங்களிலிருந்து லட்சக்கணக்கானோர் டூரின், மிலான் போன்ற வடக்கு நகரங்களின் ஆலைகளுக்கு வந்துகொண்டிருந்தார்கள். 1951-இல் ஏறத்தாழ 7.2 லட்சமாக இருந்த டூரின் நகர மக்கள்தொகை பத்தே ஆண்டில் 10 லட்சத்தைத் தாண்டியது. ஃபியட் கார் ஆலையில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. பிள்ளைக்கு வகுப்பில் இடம் கிடைப்பது அவ்வளவு எளிதாக இல்லை. கலாப்ரியாவிலோ சிசிலியிலோ பிறந்த பிள்ளை வீட்டில் பேசியது ஊர் வழக்கு. ஆசிரியர் எதிர்பார்த்தது புத்தக இத்தாலிய மொழி. கேட்ட கேள்விக்குப் பதில் வராதபோது, அறிவில் பின்தங்கியவன் என்று குறித்து அவனைத் தனி வகுப்புக்கு அனுப்புவது வழக்கமாயிற்று. தனி வகுப்புகளில் பெருந்தொகையாக இருந்தவர்கள் மருத்துவ ரீதியாக எந்தக் குறையும் இல்லாத ஏழைப் பிள்ளைகளே. அங்கே ஒருமுறை போன பிள்ளை பொது வகுப்புக்குத் திரும்புவது அரிது.

இதைத் துணிந்து வெளியே சொன்னது ஒரு மலைக்கிராமம். ஃபிளாரன்ஸ் நகருக்கு வடக்கே முஜெல்லோ மலைப்பகுதியில் பார்பியானா என்ற சிற்றூர். 1954-இல் பாதிரியார் லொரென்சோ மிலானியை அவருடைய மேலிடம் ஒதுக்கி அனுப்பிய இடம் அது. சாலையோ மின்சாரமோ குழாய்த் தண்ணீரோ அங்கே இல்லை. வீடுகள் காட்டுக்குள் சிதறிக் கிடந்தன. பொதுப்பள்ளியில் தோற்று வெளியேறிய விவசாயிப் பிள்ளைகளைத் தன் வீட்டிலேயே கூட்டி வைத்து, விடுமுறையே இல்லாமல், காலையிலிருந்து மாலை வரை அவர் பாடம் நடத்தினார். தினமும் செய்தித்தாள் வாசித்தார்கள். மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். யாருக்காவது புரியவில்லை என்றால் அவனுக்குப் புரியும்வரை மற்றவர்கள் நின்றார்கள். தோல்வி, மதிப்பெண் என்ற பேச்சே அங்கே இல்லை.

அந்தப் பள்ளியின் மாணவர்கள் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரித் தேர்வில் தோற்கடிக்கப்பட்டபோது, எட்டுப் பேர் சேர்ந்து எழுதிய நீண்ட கடிதம் 1967 மே மாதம் நூலாக வந்தது. அது எழுதப்பட்ட விதம் பார்பியானாவின் கல்விமுறையையே காட்டுகிறது. ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றியதைத் துண்டுச் சீட்டுகளில் ஒரு கருத்துக்கு ஒரு சீட்டு என்று எழுதினார்கள். பிறகு எல்லாச் சீட்டுகளையும் பெரிய மேசையில் பரப்பி, ஒரே கருத்துள்ளவற்றை ஒன்றாகச் சேர்த்து, வேண்டாததை நீக்கி, வரிசைப்படுத்தினார்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் உரக்கப் படித்து, தேவையில்லாத சொல்லை வெட்டி, கடைசிப் பிள்ளைக்கும் விளங்கும்வரை எளிமையாக்கினார்கள். அரசுப் புள்ளிவிவரங்களைச் சேகரித்து, வகுப்பில் தோற்கடிக்கப்படுகிறவர்களில் விவசாயிகள், தொழிலாளர்கள் வீட்டுப் பிள்ளைகள் எவ்வளவு அதிகம் என்று அட்டவணை போட்டுக் காட்டினார்கள். பள்ளி யாரை இழக்கிறது என்ற கேள்வியை ஆதாரத்தோடு எழுப்பியது இந்தச் சிறுவர்களின் சாதனை. நூல் வந்த அடுத்த மாதம், ஜூன் 26 அன்று, 44 வயதில் மிலானி இறந்துபோனார். மறுஆண்டு கிளம்பிய மாணவர் போராட்டங்களில் சிறுவர்களின் கடிதம் கைக்குக் கை மாறியது.

அதே ஆண்டுகளில் மனநல மருத்துவர் ஃபிராங்கோ பசாலியா கொரீத்சியாவிலும் பிறகு திரியெஸ்தேயிலும் மனநோய் விடுதிகளின் கதவுகளைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். அடைத்து வைப்பது சிகிச்சை அல்ல என்ற அவருடைய வாதம் விடுதிகளை மூடும் 1978-ஆம் ஆண்டுச் சட்டமாக முடிந்தது. பெரியவர்களை அடைத்து வைப்பது தவறென்றால் பிள்ளைகளை ஒதுக்கி வைப்பது எப்படிச் சரியாகும் என்று பெற்றோர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் கேட்டன. 1971 மார்ச் 30-ஆம் தேதிய 118-ஆம் எண் சட்டம் முதல் பதிலைத் தந்தது. மிகக் கடுமையான குறைபாடு உள்ளவர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் கட்டாயக் கல்வி பொதுப்பள்ளியின் சாதாரண வகுப்புகளிலேயே நடக்க வேண்டும். வீட்டிலிருந்து பள்ளிக்கு இலவச வண்டி வேண்டும். படிக்கட்டு போன்ற கட்டடத் தடைகள் அகல வேண்டும்.

சட்டம் வந்ததும் பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பள்ளி வாசலில் நின்றார்கள். பள்ளிகள் தயாராக இல்லை. ஆசிரியருக்குப் பயிற்சி இல்லை, உதவிக்கு ஆள் இல்லை, வகுப்பில் முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். பல இடங்களில் குறைபாடுள்ள பிள்ளை கடைசி இருக்கையில் நாள் முழுவதும் சும்மா உட்கார்ந்திருந்தது. முன்னேற்பாடு இல்லாத இந்தச் சேர்க்கையைப் பிற்கால ஆசிரியர்களே கடுமையாகக் குறைகூறினார்கள். அந்தக் குறை நியாயமானது. ஆனாலும், பிள்ளைகள் உள்ளே வந்துவிட்டதால்தான் அரசு அடுத்த அடியை வைத்தே ஆகவேண்டிய நிலை உண்டாயிற்று.

கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் செனட்டர் ஃபிராங்கா ஃபல்கூச்சி தலைமையில் அமைந்த குழு 1975-இல் தன் அறிக்கையைத் தந்தது. குறைபாடுள்ள பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றபடி மாற்றுவதைவிட, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏற்றபடி பள்ளி மாற வேண்டும் என்பது அதன் சாரம். ஃபல்கூச்சி பின்னர் 1982-இல் இத்தாலியின் முதல் பெண் கல்வி அமைச்சரானார். 517-ஆம் எண் சட்டம் இந்த அறிக்கையின் மீது கட்டப்பட்டது. குறைபாடுள்ள பிள்ளை சேரும் வகுப்பில் 20 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்றது. ஆரம்ப, நடுநிலைப் பள்ளிகளில் மதிப்பெண்களை எடுத்துவிட்டு, பிள்ளையின் வளர்ச்சியை ஆசிரியர் எழுத்தில் விவரிக்கச் சொன்னது. தோற்றவர்கள் இலையுதிர் காலத்தில் மீண்டும் எழுதும் மறுதேர்வையும் நீக்கியது. எண்ணால் வரிசைப்படுத்தும் வகுப்பில் எல்லோரும் ஒன்றாகப் படிக்க முடியாது என்பதைச் சட்டம் எழுதியவர்கள் உணர்ந்திருந்தார்கள். சட்டத்தின் மிக நுட்பமான பகுதி இதுவே.

தனிப்பயிற்சி பெற்று வகுப்புக்கு வரும் உதவி ஆசிரியரின் நிலையும் அவ்வாறே யோசித்து அமைக்கப்பட்டது. அவர் குறைபாடுள்ள பிள்ளைக்கு மட்டும் உரிய காவலர் அல்லர். வகுப்பாசிரியருக்குச் சமமாக முழு வகுப்புக்கும் பொறுப்பானவர். 1992 பிப்ரவரி 5-ஆம் தேதிய 104-ஆம் எண் சட்டம் இதைத் தெளிவாக எழுதி வைத்தது. வகுப்பு ஆசிரியர்கள், உதவி ஆசிரியர், பெற்றோர், வட்டாரச் சுகாதார நிலையத்தின் மருத்துவர்கள் ஆகியோர் ஒன்றாக அமர்ந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப்பட்ட கல்வித் திட்டம் வகுக்கும் முறையும் அதில் நிலைபெற்றது.

இடையில் ஒரு கேள்வி எஞ்சியிருந்தது: 14 வயதுக்குப் பிறகு? மேல்நிலைக் கல்வியில் குறைபாடுள்ளவர்கள் பங்கேற்க வசதி செய்து தரப்படும் என்று மட்டுமே 1971-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியிருந்தது. அந்த நழுவலான வாசகம் அரசியலமைப்புக்கு முரணானது, அரசு அதை உறுதிசெய்தே ஆகவேண்டும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 1987-இல் 215-ஆம் எண் தீர்ப்பில் கூறியது. கற்றல் பலன் குறைவாக இருக்கும் என்று ஊகித்துக் கதவை அடைக்கக்கூடாது, பள்ளியில் சேர்ந்திருப்பதே பிள்ளையின் வளர்ச்சிக்கு இன்றியமையாதது என்பது தீர்ப்பின் அடிப்படை.

காது கேளாத பிள்ளைகளுக்கு இந்த மாற்றத்தில் இழப்பும் உண்டு. சைகைமொழியை வகுப்பறையிலிருந்து விரட்டிய 1880-ஆம் ஆண்டு மாநாடு மிலானில்தான் நடந்தது. அதற்குப் பிறகும் காது கேளாதோர் பள்ளி விடுதிகளில், ஆசிரியர் கண்ணில் படாமல், பிள்ளைகள் ஒருவரிடமிருந்து ஒருவர் சைகை கற்றுக்கொண்டார்கள். 1977-க்குப் பின் பெற்றோர் பொதுப்பள்ளிகளை நாடவே அந்தப் பள்ளிகள் காலியாயின. பல ஊர்களில் காது கேளாத பிள்ளை, தன் மொழியில் பேச ஒருவரும் இல்லாமல், கேட்கும் பிள்ளைகள் நடுவே தனியாக நின்றது. இத்தாலியச் சைகைமொழிக்குச் சட்ட ஏற்பு கிடைத்தது 2021 மே மாதத்தில்தான். ஒரே அறையில் உட்கார வைப்பதால் மட்டும் ஒதுக்கம் தீர்ந்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இன்று இத்தாலியில் 3 லட்சத்துக்கும் அதிகமான குறைபாடுள்ள மாணவர்கள் பொதுப்பள்ளிகளில் படிக்கிறார்கள்; தனிப்பள்ளிகளில் இருப்பவர்கள் நூற்றுக்கு ஒருவரைவிடக் குறைவு. ஆனால் உதவி ஆசிரியர்களில் கால்வாசிக்கும் மேற்பட்டோருக்கு அதற்கான சிறப்புப் பயிற்சி இல்லை. பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஆண்டுதோறும் ஆசிரியர் மாறுகிறார். செலவைக் குறைக்க உதவி ஆசிரியர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்த சட்டத்தை அரசியலமைப்பு நீதிமன்றம் 2010-இல் ரத்து செய்த பிறகும், தங்கள் பிள்ளைக்கு உரிய மணிநேரம் கேட்டுப் பெற்றோர் நீதிமன்றப் படியேறுவது நிற்கவில்லை.

மற்ற நாடுகள் மெதுவாகவே வந்தன. கடுமையான அறிவுக்குறைபாடு உள்ள குழந்தைகளைக் கல்விக்குத் தகுதியற்றவர்கள் என்று சுகாதாரத் துறையிடம் ஒப்படைத்திருந்த இங்கிலாந்து, 1971-இல்தான் அவர்களைக் கல்வித்துறைக்கு மாற்றியது. 1978-இல் மேரி வார்னாக் குழு, ஐந்தில் ஒரு பிள்ளைக்குப் படிப்பின் ஏதோ ஒரு கட்டத்தில் சிறப்பு உதவி தேவைப்படலாம் என்று காட்டி, நோயின் பெயரால் பிள்ளைகளை வகைப்படுத்தும் பழக்கத்தை அசைத்தது. 1994 ஜூன் மாதம் ஸ்பெயினின் சலமான்கா நகரில் 92 அரசுகளின் பிரதிநிதிகள் கூடி, பொதுப்பள்ளியே எல்லோருக்கும் உரிய பள்ளி என்று அறிக்கை விட்டார்கள். 1996-இல் டென்மார்க்கின் முயற்சியில் பிறந்து ஓடென்சே நகரிலிருந்து இயங்கும், சிறப்புக் கல்விக்கான ஐரோப்பிய முகமை, நாடுகளின் நிலையைத் தொடர்ந்து பதிவு செய்துவருகிறது. குறைபாடுள்ளவர்களோடு அகதிகள், சிறுபான்மையினர், வறியவர்கள் எனக் கல்வியிலிருந்து நழுவக்கூடிய எல்லோரும் இப்போது அதன் கணக்கில் உண்டு. ஜெர்மனி 2009-இல் குறைபாடுள்ளோர் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றபின்பும், அங்கே சிறப்பு உதவி தேவைப்படும் மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தனிப்பள்ளிகளிலேயே இருந்துவந்தார்கள். உதவி கிடைக்க முதலில் பிள்ளைக்கு ஒரு முத்திரை குத்த வேண்டும் என்ற நிபந்தனையையே போர்ச்சுகல் 2018-இல் நீக்கிவிட்டது.

டூரினில் தெற்கத்திப் பிள்ளைகளுக்கு நடந்தது, செக் நாட்டில் ரோமா என்ற சிறுபான்மை இனப் பிள்ளைகளுக்கு இன்னும் பெரிய அளவில் நடந்தது. ஓஸ்த்ராவா என்ற சுரங்க, எஃகு நகரத்தில் 1990-களின் இறுதியில் ஆரம்பப் பள்ளி மாணவர்களில் ரோமா பிள்ளைகள் 2.26 சதவீதம், அறிவுக்குறைபாடுள்ளோருக்கான சிறப்புப் பள்ளிகளிலோ அவர்கள் 56 சதவீதம். மற்றப் பிள்ளைகளைவிட ரோமா பிள்ளை அங்கே அனுப்பப்படும் வாய்ப்பு 27 மடங்கு அதிகம். செக் மொழியையும் செக் குடும்ப வாழ்க்கையையும் அடிப்படையாகக் கொண்ட உளவியல் தேர்வு ஒன்று, பெற்றோரின் கையெழுத்து ஒன்று, இவை போதும். சிறப்புப் பள்ளியின் பாடத்திட்டம் குறைக்கப்பட்டது. அங்கிருந்து நல்ல மேல்நிலைப்பள்ளிக்குப் போக வழியில்லை.

இவ்வாறு அனுப்பப்பட்ட 18 பேர், உள்நாட்டு நீதிமன்றங்களில் தோற்றபின், 2000-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை நாடினார்கள். புடாபெஸ்டில் இயங்கிய ஐரோப்பிய ரோமா உரிமை மையம் துணை நின்றது. 2006-இல் அங்கும் முதலில் தோல்வி. மேல் அமர்வு 2007 நவம்பர் 13 அன்று, 13-க்கு 4 என்ற பெரும்பான்மையில், இது இனப்பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. கெட்ட நோக்கம் இருந்ததா என்று நிரூபிக்கத் தேவையில்லை, விளைவைக் காட்டும் புள்ளிவிவரமே வழக்குத் தொடுக்கப் போதும் என்றது நீதிமன்றம். பெற்றோர் சம்மதித்தார்களே என்ற அரசின் வாதத்தையும் அது ஏற்கவில்லை. எதில் கையெழுத்திடுகிறோம் என்று எடைபோடும் நிலையில் அவர்கள் இல்லை. அப்படியே அறிந்து போட்டாலும், பாகுபாட்டிலிருந்து காக்கப்படும் உரிமையை ஒருவர் விட்டுக்கொடுத்துவிட முடியாது. ஒவ்வொருவருக்கும் 4,000 யூரோ இழப்பீடு கிடைத்தது. அதற்குள் அவர்களுக்கு வயது 16 முதல் 22 வரை ஆகியிருந்தது; பள்ளிப் பருவம் முடிந்துபோயிருந்தது.

தீர்ப்புக்கு முன்பே செக் அரசு சிறப்புப் பள்ளிகளின் பெயரை மாற்றியிருந்தது. கட்டடமும் ஆசிரியர்களும் பெரும்பாலும் பழையபடியே. 2014-இல் ஐரோப்பிய ஆணையம் செக் நாட்டின்மீதும், 2015-இல் ஸ்லோவாக்கியாமீதும், 2016-இல் ஹங்கேரிமீதும் ரோமா பிள்ளைகளின் கல்விப் பாகுபாட்டுக்காக நடவடிக்கை தொடங்கியது. 2016 செப்டம்பர் முதல் செக் பொதுப்பள்ளிகள் உதவியாளர், கூடுதல் பாடநேரம் போன்ற ஏற்பாடுகளை வகுப்பிலேயே தரவேண்டும் என்று சட்டம் வந்தது. 2017 முதல் பள்ளிக்கு முந்தைய கடைசி ஓராண்டு எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டாயமாயிற்று. மழலையர் வகுப்பையே பார்க்காமல் நேராக முதல் வகுப்புத் தேர்வில் உட்கார்ந்து தோற்ற ரோமா குழந்தைகளுக்கு இது பெரிய உதவி. ஆனால் ரோமா மக்கள் நெருக்கமாக வாழும் தெருக்களை ஒட்டிய சாதாரணப் பள்ளிகளிலிருந்து மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை வேறு பள்ளிகளுக்கு மாற்றிக்கொண்டே போக, அப்பள்ளிகள் ரோமா பிள்ளைகள் மட்டும் படிக்கும் பள்ளிகளாக மாறுவதை இந்தச் சட்டங்கள் எதுவும் தடுக்கவில்லை.